சிறுவாடும் முட்டைக் காசும்

நியூ ஜெர்சியிலிருந்தும் பே ஏரியாவிலிருந்தும் நேரலையில் இணைந்திருப்பவர்களுக்கும், இங்கே பிளானோவில் வேலை முடித்த களைப்போடு வந்து அமர்ந்திருப்பவர்களுக்கும் நன்றி. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம். வீட்டில் இருந்தபடி, கைக்குத் தெரிந்த வேலையைச் செய்து ஈட்டும் சில்லறைப் பணம். தீபாவளிக்கு முறுக்கு சுற்றித் தருவது, பருப்புப் பொடி இடிப்பது, ரவிக்கை தைப்பது, பழைய புடவையில் பை தைத்து விற்பது. இவற்றை நாம் ‘பொழுதுபோக்கு’ என்கிறோம். அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு, விலையும் உண்டு என்பதே நான் சொல்ல வருவது.

தமிழில் இந்தப் பணத்துக்குச் சிறுவாடு என்று பெயர். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது, முட்டை விற்றது, வாரத்துக்கு விட்ட ஆடு குட்டி போட்டதில் கிடைத்த பங்கு, கூடை பின்னியது எல்லாம் அதில் சேரும். அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் முந்தானை முடிச்சிலும் அது இருந்தது. எங்கள் வீட்டில் சம்பாதிப்பவர் தாத்தா. பாட்டி ‘ஏதோ சும்மா இருக்காம செய்யறவ’. ஆனால் பரீட்சைக் கட்டணம் கட்டும் கடைசி நாளில் பணம் பாட்டியிடமிருந்துதான் வரும். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

சிறுவாட்டின் பலமே யாரும் கேட்காததுதான். கணக்கில் இல்லாததால் அது அவளுடையதாக இருந்தது. 2016 நவம்பர் 8 அன்று இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அந்த மறைவு கலைந்தது. டப்பாக்களின் அடியில் கிடந்த நோட்டுகளை எடுத்து, வீட்டு ஆண்களிடம் காட்டி, வங்கிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இல்லத்தரசிகள் போன்றோரின் கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாய் வரை செலுத்தப்படும் பணத்தைத் துருவ மாட்டோம் என்று அரசே சொல்ல நேர்ந்தது. ‘சும்மா இருக்கிறவர்கள்’ கையில் அவ்வளவு பணம் இருக்கக்கூடும் என்பதற்கு அதைவிடப் பெரிய ஒப்புதல் வேண்டியதில்லை.

இனி நாம் குடியிருக்கும் மண்ணுக்கு வருவோம். பிளானோ என்றால் நமக்கு அலுவலக வளாகங்களும் நல்ல பள்ளிகளும்தான். ஆனால் 1960இல் இந்த ஊரின் மக்கள்தொகை 3,695. 1980இல் 72,331. 2020 கணக்கெடுப்பில் 2,85,494. அதற்கு முன்பு இது கரிசல் காடு. ஆமாம், கரிசல்தான். பிளாக்லாண்ட் பிரெய்ரி என்று பெயர். கோவில்பட்டிக்காரர் ஒருவர் கோடையில் இங்கே நிலம் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும். அங்கே போலவே இங்கேயும் பருத்தி விளைந்தது. அங்கே போலவே பருத்திப் பணம் வருடத்துக்கு ஒருமுறை வந்து, பெரும்பாலும் கடனுக்கே போனது.

மிச்ச மாதங்களை ஓட்டியது பெண்கள். டெக்சாஸ் கரிசல் பூமியின் பருத்திப் பண்ணைப் பெண்களைப் பற்றி வரலாற்றாசிரியர் ரெபேக்கா ஷார்ப்லெஸ் 1999இல் ஒரு நூல் வெளியிட்டார். 1900 முதல் 1940 வரையிலான காலம் அது. அந்தப் பெண்கள் முட்டையும் வெண்ணெயும் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துச் சர்க்கரை, காப்பி, துணி வாங்கினார்கள். அதற்கு அமெரிக்கக் கிராமங்களில் ‘எக் மணி’ என்றே பெயர். முட்டைக் காசு! சிறுவாட்டுக்கு ஒரு டெக்சாஸ் ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு வந்து சேர்ந்தது. 1910இல் தென் கரோலினாவின் எய்க்கன் கவுண்டியில் மேரி க்ரோமர் என்ற ஆசிரியை சிறுமிகளுக்காகத் தக்காளிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொரு சிறுமியும் ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் தக்காளி பயிரிட வேண்டும். பறித்ததை டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். 1912இல் எட்னா டிரிக் என்ற ஆசிரியை டெக்சாஸின் மைலம் கவுண்டியில் இந்தப் பணியை ஏற்றார். மாநிலத்தின் முதல் வீட்டுப் பொருளாதார விரிவாக்க அலுவலர் அவர்தான். சில ஆண்டுகளில் நம் பக்கத்து டென்டன் கவுண்டிக்கே பணியாற்ற வந்தார். 1914இல் ஸ்மித்–லீவர் சட்டம் வந்து, நாடெங்கும் இந்தப் பணிக்கு மத்திய அரசின் பணம் கிடைத்தது. நிறவெறிப் பிரிவினையும் கூடவே வந்தது. கறுப்பினப் பெண்களுக்குத் தனி அலுவலர்கள்தான்.

தக்காளிச் சங்கத்தில் என்னை நிறுத்திய பொருள் தக்காளி அல்ல, நோட்டுப் புத்தகம். விதைக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை டப்பா, என்ன லாபம் என்று ஒவ்வொரு சிறுமியும் எழுதி வைக்க வேண்டும். நம் பாட்டிகள் மனதில் வைத்திருந்த கணக்கு அங்கே காகிதத்துக்கு வந்தது.

அந்தக் காசு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் அதே காலத்தில் எழுந்தது. அதுவரை டெக்சாஸில் மனைவி சம்பாதித்த பணத்தையும் நிர்வகிக்கும் உரிமை கணவனுக்கே. ஹார்டென்ஸ் வார்டு என்ற வழக்கறிஞர் இதை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். 1910இல் டெக்சாஸ் வழக்கறிஞர் தேர்வில் வென்றவர் அவர். 1913இல் வந்த சட்டம், தன் உழைப்பில் வந்த பணத்தை நிர்வகிக்கும் உரிமையை மனைவிக்குக் கொடுத்தது. நோட்டுப் புத்தகம் 1912, சட்டம் 1913. எழுதி வைத்த கணக்குக்குத்தான் உரிமை கேட்க முடியும்.

இது முழு வெற்றிக் கதை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோழி வளர்ப்பு பெருந்தொழிலானது. லாபம் பெரிதானதும் கோழிக்கூடு பெண்ணின் கையைவிட்டுப் போனது. சில்லறையாக இருந்தவரை அவளுடையது, பெரிதானால் குடும்பத்துடையது அல்லது கம்பெனியுடையது. இந்த அச்சம் நம் பாட்டிகளுக்கும் இருந்தது. அதனால்தான் அவர்கள் எழுதி வைக்கவில்லை.

இப்போது நம் கதை. ஹெச்-1பி விசாவில் வந்தவரின் துணையாக ஹெச்-4 விசாவில் வந்தவர்கள், பட்டமும் அனுபவமும் இருந்தும் வருடக்கணக்கில் வேலை செய்ய அனுமதியின்றி இருந்தார்கள். 2015 மே 26 முதல், அவர்களில் ஒரு பகுதியினருக்கு, முக்கியமாகக் கணவரோ மனைவியோ கிரீன் கார்டுக்கான ஐ-140 ஒப்புதல் பெற்றவர்களுக்கு, வேலை அனுமதி அட்டை கிடைத்தது. மற்றவர்களுக்கு இன்றும் இல்லை. அனுமதி இல்லாதவர் வீட்டிலிருந்து பொடி விற்பதும் விதிமீறலான வேலையாகக் கருதப்படலாம். ‘பொழுதுபோக்குத்தானே’ என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னொரு பக்கம் டெக்சாஸ் மாநிலம் கதவைத் திறந்துகொண்டே போகிறது. வீட்டுச் சமையலறையில் செய்த உணவை விற்க 2011இல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டு வரம்பு 50,000 டாலர். 2013இல் சந்தைகளிலும் விற்கலாம் என்றானது. 2019இல் குளிர்பதனம் தேவைப்படாத பெரும்பாலான உணவுகள் சேர்ந்தன. 2025 செப்டம்பர் 1 முதல் வரம்பு 1,50,000 டாலர். மாநிலத்தில் பதிவுசெய்துகொண்டால் குளிர்பதனம் தேவைப்படும் பண்டங்களையும் விற்கலாம். இறைச்சியும் மீனும் கூடாது. எது ஒவ்வாமை தரும், அரசு ஆய்வு செய்யாத வீட்டில் செய்தது என்பதெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். ஆக, ஒரே முறுக்கை மாநிலம் விற்கச் சொல்கிறது, விசா தடுக்கிறது. ஒரே தெருவில், ஒரே பக்குவத்தில் சுடும் இரண்டு பேரில் ஒருவருக்கு அது தொழில், மற்றவருக்கு ஆபத்து.

அனுமதி இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு தவணை முறுக்கு 25 டாலருக்குப் போகிறது. மாவு, எண்ணெய், டப்பா 8 டாலர். பிசைந்து, சுட்டு, ஆறவைத்து, கட்டிக் கொடுக்க 3 மணி நேரம். மணிக்கு 6 டாலர்கூட வரவில்லை. டெக்சாஸில் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். நேரத்தை எழுதாதவரை இது லாபமாகத் தெரியும். எழுதினால்தான் விலையைக் கூட்ட வேண்டும் என்பது தெரியும்.

வருமான வரித் துறைக்கும் ‘பொழுதுபோக்கு’ என்ற சொல் மிக முக்கியம். பொழுதுபோக்கில் வந்த பணத்துக்கும் வரி உண்டு. ஆனால் 2018 முதல் அதற்கான செலவைக் கழிக்க முடியாது. தொழில் என்றால் மாவும் எண்ணெயும் கழியும். ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் லாபம் காட்டினால் அது தொழில் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். நிகர வருமானம் ஆண்டுக்கு 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரி கட்ட வேண்டும். அது செலவுதான். ஆனால் அதன் வழியாகத்தான் சோஷியல் செக்யூரிட்டியில் அவர் பெயருக்குப் புள்ளிகள் சேரும். முதுமையில் ஓய்வூதியம் பெற 40 புள்ளிகள் வேண்டும். பல வருடம் வேலை செய்ய முடியாமல் இருந்தவருக்கு ஒவ்வொரு புள்ளியும் முக்கியம்.

அடக்கமாக ‘சும்மா டைம் பாஸ்தான்’ என்று சொல்லும்போது நாம் இழப்பது இதைத்தான். மறைத்து வைத்ததால் பாட்டிக்குச் சுதந்திரம் கிடைத்தது, உண்மை. மறைக்கத் தேவையில்லாத சட்டம் இங்கே 1913இலிருந்து இருக்கிறது. அதனால் நோட்டும் வேண்டும், அந்த நோட்டின் மேல் செய்பவரின் பெயரும் வேண்டும், பணம் போகும் வங்கிக் கணக்கும் அவர் பெயரில் இருக்க வேண்டும். வீட்டில் உள்ள மற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை யாராவது “உங்க வீட்ல என்ன பண்றாங்க?” என்று கேட்டால், “சும்மாதான் இருக்காங்க” என்று சொல்லாமல் இருப்பது.

கேள்விகள் இருந்தால் உரையாடல் பெட்டியில் எழுதுங்கள்.