கையே மட்டை, சுவரே களம்

பிரனீஸ் மலையின் மேற்குக் கோடியில், ஸ்பெயினிலும் பிரான்ஸிலுமாகப் பிரிந்து கிடக்கிறது பாஸ்க் மக்களின் நிலம். அங்குள்ள சிற்றூர்களில்கூட தேவாலயம், ஊர் மன்றம், பந்தடிக்கும் சுவர் மூன்றும் பெரும்பாலும் அருகருகே இருக்கும். அந்தச் சுவரில் வெறுங்கையால் பந்தை அறைந்து ஆடுவதே 'எஸ்கு பிலோட்டா'.

இதன் வேர் பிரான்ஸில் இருக்கிறது. அரசர்களும் பிரபுக்களும் துறவிகளும் ஆடிய 'ஜு த போம்' என்ற உள்ளங்கைப் பந்தாட்டமே இதற்கும் டென்னிஸுக்கும் மூதாதை. அரண்மனைகள் அந்த ஆட்டத்தைக் கைவிட்ட பிறகும் பாஸ்க் கிராமத்தார் விடவில்லை. முதலில் இரு அணிகள் எதிரெதிரே நின்றுதான் ஆடின. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்து ரப்பர் வந்து சேர்ந்ததும் நிலைமை மாறியது. ரப்பர் கரு வைத்த பந்து சுவரில் பட்டு வெகுதூரம் துள்ளித் திரும்பியது. தேவாலயச் சுவர்களே ஆடுகளமாயின. பந்தடிக்கத் தடை விதித்து அறிவிப்பு எழுதிவைக்கும் அளவுக்குத் தொல்லை பெருகியது. பின்னர் ஊர்தோறும் ஆட்டத்துக்கென்றே சுவர்கள் எழும்பின.

தொழில்முறைக் களத்தின் நீளம் 36 மீட்டர். முன்சுவரோடு இடப்பக்கமும் ஒரு சுவர் உண்டு. முன்சுவரின் அடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் உலோகப் பட்டை ஓடும். பந்து அதற்கு மேலே பட வேண்டும்; திரும்பும் பந்தை, தரையில் இரண்டாம் முறை விழுவதற்குள் எதிராளி அடிக்க வேண்டும். முதலில் 22 புள்ளி எடுப்பவருக்கே வெற்றி.

பந்து கையால் செய்யப்படுவது. கருவின் மேல் கம்பளி நூலும் பருத்தி நூலும் இறுகச் சுற்றி, இரண்டு தோல் துண்டுகளைப் போர்த்தித் தைப்பார்கள். எடை 100 கிராமுக்குச் சற்று மேல். இரண்டு பந்துகள் ஒன்றுபோல் துள்ளாது என்பதால், போட்டிக்கு முன் பந்து தேர்வே தனிச் சடங்காக நடக்கும். கையில் பஞ்சுத் துண்டுகள் வைத்துப் பட்டை சுற்றிக்கொண்டாலும் உள்ளங்கை வீங்கும். வீக்கம் தணிய, கையைத் தரையில் வைத்து இன்னொருவரை மிதிக்கச் சொல்லும் பழக்கம் அந்தக்கால ஆட்டக்காரர்களிடம் இருந்தது.

வெள்ளை உடையில் இறங்குவோரை சிவப்பு, நீலம் என்ற நிறங்களால் பிரித்தறிவார்கள். பந்தயமும் ஆட்டத்தோடு ஒட்டியே வளர்ந்தது. தரகர்கள் பந்தய விகிதத்தைக் கூவுவார்கள்; கீறிய டென்னிஸ் பந்துக்குள் சீட்டைச் செருகிப் பார்வையாளர்களுக்கு வீசுவார்கள். வாகை சூடியவர் தலையில் அணிவிக்கப்படுவது 'ச்சபேலா' என்ற அகன்ற பெரே தொப்பி.

அஸ்கோய்டியா ஊரில் பிறந்த மரியானோ ஹுவாரிஸ்தி, 'மூன்றாம் அதானோ' என்ற பெயரில் இருபதாண்டுகளுக்கு மேல் அசைக்க முடியாதவராக இருந்தார். 1948இல் மிகேல் கயஸ்தேகி அவரை வீழ்த்தினார். பின்னாளில் நவார்ரா பகுதியைச் சேர்ந்த ஹுலியான் ரெதேகி, தனிநபர் பட்டத்தை 11 முறை வென்றார். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெண்கள் மட்டையேந்தித் தொழில்முறையில் ஆடிப் புகழ்பெற்றார்கள்; வெறுங்கை ஆட்டத்தின் பெரிய அரங்குகளோ அண்மைக் காலத்தில்தான் அவர்களுக்குத் திறந்தன.

பிழைப்புத் தேடிக் கடல் கடந்த பாஸ்க் மக்கள் அர்ஜென்டினா, உருகுவே நாடுகளிலும் சுவர் எழுப்பினார்கள். 1952இல் சான் செபாஸ்தியானில் முதல் உலகப் போட்டி நடந்தபோது, இந்தக் கிராமத்து ஆட்டம் பல நாடுகளின் ஆட்டமாகியிருந்தது.