காரின் முன்பக்கக் கண்ணாடியில் சிறு விரிசலா? உடனே கவனிப்பது ஏன் அவசியம்?

கார்வேட்டிநகரம்: ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டம் கார்வேட்டிநகரத்தில் உள்ள வேணுகோபால சுவாமி கோயிலுக்குத் திருப்பதியில் இருந்தும் தமிழகத்தில் இருந்தும் பக்தர்கள் காரில் வருகின்றனர். இத்தகைய பயணங்களில் ஜல்லி ஏற்றிய லாரியை நெருங்கிப் பின்தொடர்ந்தால், தெறிக்கும் ஒரு சிறு கல்லே முன்பக்கக் கண்ணாடியைச் சேதப்படுத்திவிடும். அதனை உடனே சரிசெய்தால் செலவு குறைவு. தாமதித்தால் கண்ணாடி முழுவதையும் மாற்ற நேரிடும்.

கண்ணாடியின் அமைப்பு

முன்பக்கக் கண்ணாடி என்பது இரு கண்ணாடித் தகடுகளும் அவற்றின் இடையே மெல்லிய பிளாஸ்டிக் படலமும் கொண்ட அடுக்குக் கண்ணாடி ஆகும். உடைந்தாலும் துண்டுகள் படலத்திலேயே ஒட்டிக்கொள்ளும். விபத்தின்போது பயணிகள் வெளியே தூக்கி வீசப்படாமல் தடுப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. பல கார்களில், முன் இருக்கைப் பயணிக்கான காற்றுப்பை விரியும்போது இக்கண்ணாடியே அதற்குத் தாங்குதலாக அமைகிறது.

விரிசல் வளர்வது எப்படி?

கோடையில் சித்தூர், திருப்பதி பகுதிகளில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. வெயிலில் நின்ற காரின் கண்ணாடி மீது குளிர்ந்த நீரை ஊற்றினாலோ, ஏ.சி. காற்றை முழு வேகத்தில் கண்ணாடியை நோக்கித் திருப்பினாலோ, கண்ணாடி சீரற்றுச் சுருங்கி விரிசல் நீளும். பள்ளங்களில் ஏற்படும் அதிர்வும் விரிசலை வளர்க்கும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

சேதமடைந்த இடத்தில் தூசியும் ஈரமும் புகாதவாறு தெளிவான டேப்பை ஒட்ட வேண்டும். நாணய அளவுக்கு உட்பட்ட சேதத்தைப் பெரும்பாலும் ரெசின் செலுத்திச் சரிசெய்ய இயலும். விரிசல் ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலோ, கண்ணாடியின் விளிம்பிலோ இருந்தால் மாற்றுவதே பாதுகாப்பானது. புதிய கண்ணாடி பொருத்திய பின், பசை உலரும் வரை பணிமனை கூறும் நேரத்திற்குக் காரை இயக்கக் கூடாது.

அன்றாடப் பராமரிப்பு

தூசி படிந்த கண்ணாடியில் நீர் தெளிக்காமல் வைப்பரை இயக்கினால் கீறல் விழும். இக்கீறல்கள் இரவில் எதிரே வரும் வாகனங்களின் ஒளியைச் சிதறடித்துப் பார்வையை மறைக்கும். வெயிலில் இறுகிய வைப்பர் ரப்பரை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் மாற்றிவிடுவது நல்லது. துடைக்க மென்மையான மைக்ரோஃபைபர் துணியைப் பயன்படுத்தலாம். உப்புத்தன்மை மிகுந்த கிணற்று நீர் வெண்கறை படியச் செய்யும். உட்புறத்தில் படியும் புகை போன்ற படலத்தையும் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 100-வது விதிப்படி, முன்பக்கக் கண்ணாடி குறைந்தபட்சம் 70 சதவீத ஒளியை ஊடுருவ விட வேண்டும். பாஸ்டேக் வில்லையை உட்புறத்தில், ஓட்டுநரின் பார்வையை மறைக்காத வகையில் ஒட்ட வேண்டும்.

மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் கண்ணாடிச் சேதத்திற்கு இழப்பீடு கிடைக்காது. முழுமையான காப்பீட்டில், கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு பொதுவாக இல்லை. எனினும், இழப்பீடு கோரினால் போனஸ் சலுகை பாதிக்கப்படுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

லாரிகளிடம் இருந்து போதிய இடைவெளி விட்டு ஓட்டுவதே, செலவில்லாத முதல் பாதுகாப்பு.