கட்டடம் ஒழிந்தும் ஒழியாத பெயர்: எல்லைப்புறத் தமிழரும் மூன்று மனநோய் மருத்துவமனைகளும்

1. முன்னுரை

ஒரு நிறுவனம் தன் பழைய இடத்தை விட்டு நீங்கும்போது இரண்டு எஞ்சுகின்றன. ஒன்று கட்டடம், மற்றொன்று பெயர். கட்டடம் பாழ்படும், அல்லது வேறு பயனுக்கு வந்துவிடும். பெயரோ மக்கள் வழக்கில் தங்கி, நிறுவனத்தின் பழைய பொருளைச் சுமந்தபடியே நடமாடும். மனநோய் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ் வழங்கும் எல்லைப்புறங்களை நிலைக்களனாகக் கொண்டு, மனநோய் இல்லங்களின் வரலாறு சொற்களில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பதிவை மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பதும் இறுதியில் எடுத்துரைக்கப்படும்.

2. கைவிடப்பட்ட இல்லங்கள்

தமிழகத்தில் இத்தகைய இல்லங்களின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் வாலன்டைன் கனோலி என்னும் கும்பினி மருத்துவர் சென்னைப் புரசைவாக்கத்தில் மனநோயுற்றோர்க்கு ஓர் இல்லம் அமைத்தார். பின்னர் அது டால்டன் என்னும் மருத்துவரின் கைக்கு மாறி அவர் பெயராலேயே வழங்கியது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசின் புதிய இல்லம் 145 நோயாளிகளுடன் திறக்கப்பட்டது. புரசைவாக்கத்து இல்லம் இன்று நகரத்தாரின் நினைவில் இல்லை. அதன் பெயரும் வழக்கில் இல்லை. ஆனால் 'கீழ்ப்பாக்கம்' என்பது தமிழ்ப் பேச்சு வழக்கில் ஓர் ஊர்ப்பெயர் என்பதற்கும் அப்பால், அறிவு பிறழ்ந்த நிலையைக் குறிக்கும் எள்ளற்சொல்லாகவும் ஆயிற்று. 'இவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பவேண்டும்' என்று சொல்வோர் அவ்வூரை நேரில் கண்டிருக்க வேண்டுவதில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய போக்கன்று. இலண்டனில் 1247இல் தோன்றிய பெத்லெகேம் மடத்தின் பெயர் மக்கள் நாவில் 'பெட்லம்' எனத் திரிந்தது. அவ்விடம் மனநோய் இல்லமான பின்னர், அச்சொல் 'கட்டுக்கடங்காத கூச்சல்' என்னும் பொருளைப் பெற்றது. மருத்துவமனை 1676இலும் 1815இலும் 1930இலும் இடம் மாறியது. 1815ஆம் ஆண்டுக் கட்டடத்தின் எஞ்சிய பகுதியில் இன்று போர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. நோயாளிகளும் அறைகளும் அகன்றுவிட்டபோதும் சொல் மட்டும் ஆங்கில அகராதியில் நிலைபெற்றுவிட்டது. மலேயாவில் 1911இல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் இல்லத்தின் பெயரும் இவ்வாறே அந்நாட்டுப் பல மொழியினர் வாயிலும் ஏச்சுச் சொல்லாக வழங்குகிறது.

3. ஒரே எல்லை, மூன்று அரசுகள்

கேரளத்தின் மூன்று அரசு மனநோய் மருத்துவமனைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. திருவனந்தபுரத்து ஊளம்பாறை இல்லத்தின் தோற்றம் ஆயில்யம் திருநாள் மன்னர் காலத்தில், 1870இல் நிகழ்ந்தது. கோழிக்கோட்டுக் குதிரவட்டத்தில் 1872இலும், திருச்சூரில் 1889இலும் ஏனைய இரண்டும் நிறுவப்பெற்றன. திருச்சூர் மருத்துவமனை அமைந்துள்ள இடம் படிஞ்ஞாறேக்கோட்டை, அதாவது மேற்குக் கோட்டை, எனப்படும்.

ஒரே மாநிலத்தில் மூன்று இல்லங்கள் ஏன் என்னும் வினாவுக்கு விடை அரசியல் எல்லையில் உள்ளது. அக்காலத்தில் அவை மூன்று வெவ்வேறு ஆட்சிகளுக்கு உரியவை. கோழிக்கோடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. திருச்சூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. திருவனந்தபுரம் திருவிதாங்கூரின் தலைநகர். 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்த பின்னரே மூன்றும் ஒரு நிருவாகத்தின்கீழ் வந்தன.

இப்பிரிவு எல்லைப்புறத் தமிழர்க்கு எவ்வகையில் பொருந்தியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பாலக்காட்டு வட்டம் மலபாரின் பகுதி. அதற்கு அடுத்துள்ள சிற்றூர் வட்டமோ, கொழிஞ்சாம்பாறை முதலிய தமிழ் வழங்கும் ஊர்களுடன் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. இன்றைய இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. தேயிலைத் தோட்டங்களின் வளர்ச்சியோடு அங்குத் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராகக் குடியேறினர். ஆகவே, மேற்குத்தொடர்ச்சி மலையின் இருபுறமும் ஒரு மொழி பேசிய மக்களுள், நோயுற்ற ஒருவரை எந்த அரசின் இல்லத்தில் சேர்ப்பது என்பதை அவர் பேசிய மொழி முடிவு செய்யவில்லை. அவர் வாழ்ந்த வட்டம் எவ்வரசுக்கு உரியது என்பதே முடிவு செய்தது. போடியிலும் கம்பத்திலும் உறவினரை உடைய தேவிகுளத்துத் தொழிலாளி ஒருவருக்குத் தம் அரசின் மனநோய் இல்லம் மலையாளம் வழங்கும் தெற்குக் கோடித் தலைநகரில் இருந்தது.

மலையாளப் பேச்சு வழக்கிலும் இவ்வெல்லையின் சுவடு காணப்படுகிறது. தென்கேரளத்தில் 'ஊளம்பாறை'யும் வடகேரளத்தில் 'குதிரவட்ட'மும், தமிழில் 'கீழ்ப்பாக்கம்' வழங்கும் அதே பொருளில் எள்ளற்சொற்களாக வழங்கின. திருவிதாங்கூரும் மலபாரும் வரைபடத்திலிருந்து மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்தன. ஆயினும் இவ்வசைச் சொற்களின் பரப்பில் அவற்றின் எல்லை ஓரளவு எஞ்சி நிற்கிறது எனலாம்.

4. சொற்களின் அடித்தளம்

இடப்பெயர்கள் இப்பொருளை ஏற்பதற்கு முன்னரே இரு மொழிகளிலும் மனப்பிறழ்வைக் குறிக்கும் சொற்கள் பல இருந்தன. அவை பெரும்பாலும் இரு கருத்துகளை அடியாகக் கொண்டவை.

முதலாவது உடற்கூற்றுக் கருத்து. பித்து, பித்தம், பைத்தியம் ஆகியன வாத, பித்த, சிலேத்துமக் கொள்கையினின்று பிறந்தவை. இங்கு மனப்பிறழ்வு ஓர் உடல்நோய். எனவே மருந்துக்கு உரியது. சித்த மருத்துவம் மனநோய்களைக் 'கிரிகை' எனப் பெயரிட்டு வகைப்படுத்தியதும் இந்நோக்கிலேயாகும்.

இரண்டாவது சுழற்சிக் கருத்து. மலையாளப் 'பிராந்து' என்பது சுழலுதல், அலைதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்று வந்தது. மலையாளக் கொச்சை வழக்கான 'வட்டு' என்பதை வட்டத்தோடு தொடர்புபடுத்தலாம். தமிழ்க் 'கிறுக்கு' என்பதும் தலைச்சுற்றலைக் குறிக்கும் கிறுகிறுப்போடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கியது. நிலையாக நிற்க வேண்டிய அறிவு சுழல்கிறது என்பதே இச்சொற்களின் உட்கிடை.

இவ்விரு வகைச் சொற்களும் முற்றிலும் இழிபொருள் உடையனவாக இருந்ததில்லை. சிவபெருமானுக்குப் பித்தன் என்னும் பெயர் உண்டு. சுந்தரர் இறைவனை அவ்வாறே விளித்தார். பாலக்காடு மாவட்டத்தில் பட்டாம்பிக்கு அருகிலுள்ள இராயிரநெல்லூர்க் குன்றோடு தொடர்புடைய நாறாணத்துப் பிராந்தன் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. கல்லை உச்சிவரை உருட்டிச் சென்று, பின் கீழே உருளவிட்டு, அதனைக் கண்டு சிரித்த அவரை மக்கள் பேதையாகக் கருதவில்லை, ஞானியாகவே போற்றினர். துலாம் மாத முதல் நாளில் இன்றும் மக்கள் அக்குன்றில் ஏறுகின்றனர்.

மூன்றாவது வகையாகிய இடப்பெயர்ச் சொற்களுக்கு இத்தகைய மறுபக்கம் கிடையாது. பித்தனில் கடவுள் உண்டு; பிராந்தனில் ஞானி உண்டு; கீழ்ப்பாக்கத்திலும் குதிரவட்டத்திலும் பூட்டிய கதவு ஒன்றே உண்டு. முந்தைய சொற்கள் மனிதனின் நிலையைக் குறித்தன. பிந்தையவை அவனைக் கொண்டுபோய் விடவேண்டிய இடத்தைக் குறிக்கின்றன. ஊருக்குள் அலைந்தவன் மதிலுக்குள் வைக்கப்பட்ட வரலாற்று மாற்றமே இச்சொற்பொருள் மாற்றத்தின் காரணம் எனக் கருத இடமுண்டு.

5. சட்டம் சூட்டிய பெயர்கள்

மக்கள் வழக்கு இவ்வாறிருக்க, அரசும் தன் சொற்களைத் தொடர்ந்து மாற்றி வந்தது. 1858ஆம் ஆண்டுச் சட்டம் 'அசைலம்' என்றது. இது கிரேக்கத்தில் 'தீண்டப்படாத புகலிடம்' என்னும் உயர்பொருள் உடைய சொல். 1912ஆம் ஆண்டுச் சட்டம் நோயுற்றவரை 'லுனாட்டிக்' என்றது. இது திங்களின் இலத்தீன் பெயரடியாகப் பிறந்தது. 1920களில் இல்லங்கள் 'மென்டல் ஹாஸ்பிடல்' ஆயின. கீழ்ப்பாக்கத்து இல்லமும் 1922இல் அப்பெயர் பெற்றது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்து பழைய சொல்லாட்சியை நீக்கியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடப்பில் உள்ளது. அது 'மனநல நிறுவனம்' எனவும் 'மனநோயுடைய நபர்' எனவும் பேசுகிறது.

ஒவ்வொரு புதுப்பெயரும் பழையதன் இழுக்கை நீக்கும் நோக்குடையது. ஆயின் பெயர் மாறியும் நிலைமை மாறாதபோது இழுக்குப் புதுப்பெயரையும் பற்றிக்கொள்கிறது. ஒரு காலத்தில் மதிப்புடைய மாற்றாக வந்த 'மென்டல்' என்னும் சொல் இன்று தமிழ்ச் சிறுவரின் வாயில் வசையாகத் திரிவதே இதற்குச் சான்று. கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை இன்று ஆங்கிலத்தில் மனநலக் கல்வி நிலையம் என்னும் பொருள்படும் பெயர் பெற்றிருந்தும், தமிழ் நாளிதழ்கள் அதனை 'மனநலக் காப்பகம்' என்றே எழுதிவருகின்றன. ஆங்கிலம் கைவிட்ட 'அசைலம்' தமிழில் வேறு உருவில் வாழ்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

சொல்லும் செயலும் பிரிந்து நின்றதன் கொடிய சான்று ஏர்வாடி. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் மனநோயுற்றோர் அழைத்துச் செல்லப்படும் அத்தர்காவை அடுத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப இயலவில்லை; 28 பேர் மாண்டனர். 'காப்பகம்' என்னும் சொல்லில் காத்தல் இருந்தது, அவ்விடத்தில் இல்லை. எவ்வடிவிலும் சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடைசெய்கிறது.

6. மொழிபெயர்ப்பாளர்க்குரிய சிக்கல்கள்

இவ்வரலாற்றினின்று மொழிபெயர்ப்புப் பணிக்கு உரிய மூன்று கருத்துகளைப் பெறலாம்.

முதலாவது, கால உணர்வு. 1912ஆம் ஆண்டு ஆவணத்தில் வரும் 'லுனாட்டிக்' என்பதை 'மனநோயுடைய நபர்' எனப் பெயர்த்தால் அக்கால அரசு அம்மனிதரை நோக்கிய நோக்கு மறைந்துபோகும். பழைய ஆவணத்திற்குப் பழைய சொல்லே உரியது. இன்றைய மருத்துவக் குறிப்பில் அதே சொல்லைப் பயன்படுத்துதல் இழிவுபடுத்துவதாகும்.

இரண்டாவது, இலக்கண வேறுபாடு. ஆங்கிலச் சட்டத்தொடர் 'நபர்' என்பதை முன்னும் 'மனநோய்' என்பதைப் பின்னும் வைத்து, மனிதரே முதன்மை என உணர்த்துகிறது. தமிழில் அடை பெயருக்கு முன்னரே வரும். எனவே அவ்வரிசையைத் தமிழில் கொண்டுவர இயலாது. ஆயினும் சொல்லாக்கத்தில் வழி உண்டு. 'மனநோயாளி' என்பதிலுள்ள '-ஆளி' விகுதி தொழிலாளி, கடனாளி, குற்றவாளி என்பவற்றிற்போல ஒருவரின் அடையாளத்தையே ஆக்கித் தருகிறது. 'மனநோயுடையவர்', 'மனநோயுற்றவர்' என்பன நோயை உடைமையாகவோ நேர்ந்த நிகழ்ச்சியாகவோ காட்டி, மனிதரைத் தனித்து நிறுத்துகின்றன. சட்டத்தின் நோக்கம் சொல்வரிசையால் அன்றி இவ்விகுதித் தேர்வால் தமிழில் நிறைவேறும்.

மூன்றாவது, இடப்பெயர்கள். மலையாளப் புனைகதையில் வரும் 'குதிரவட்ட'த்தைத் தமிழ் வாசகர்க்கு எளிதாக விளங்கும்பொருட்டுக் 'கீழ்ப்பாக்கம்' என மாற்றுதல் பொருந்தாது. அவ்வாறு செய்தால் பேசுவோர் மலபாரைச் சேர்ந்தவர் என்னும் செய்தி அழியும். உருவகங்களிலும் இக்கவனம் தேவை. விவேகானந்தர் 1897இல் சென்னையில் ஆற்றிய ஆங்கில உரையில் மலபாரின் சாதிக் கொடுமையைக் கண்டித்து, அம்மக்களைப் பித்தர் எனவும் அவர்தம் வீடுகளைப் பித்தர் இல்லங்கள் எனவும் சாடினார். அதுவே மலையாளத்தில் கேரளம் முழுவதும் ஒரு 'பிராந்தாலயம்' என்னும் தொடராகச் சுருங்கி நிலைபெற்றது. வீடு நாடாக மாறிய இம்மாற்றத்தில், சாதியைப் பேணிய ஒவ்வொரு வீட்டின் மீதும் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுத் தணிந்துபோயிற்று.

7. முடிவுரை

பாழடைந்த மனநோய் இல்லத்தினுள் செல்வோர் துருவேறிய கம்பிகளைக் காண்பர். மொழியினுள் செல்வோர் அதே கம்பிகளைச் சொற்களிற் காண்பர். எல்லைப்புறத் தமிழர்க்கு இஃது ஆய்வுப் பொருள் மட்டும் அன்று. மனநோயை அறிய மருத்துவருக்கு உள்ள தலையாய கருவி நோயாளியின் பேச்சு. அப்பேச்சு மருத்துவருக்கு விளங்காதபோது, வேற்றுமொழி பேசுதல் பிதற்றலாகத் தோன்றிவிடும் இடர் உண்டு. நோய், சிகிச்சை, தம் உரிமை ஆகியவற்றைத் தமக்கு விளங்கும் மொழியில் அறியும் உரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு மனநோயுடையவர்க்கு வழங்குகிறது. தேவிகுளத்திலிருந்தோ கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ மலையாளம் வழங்கும் மருத்துவமனைக்கு வரும் தமிழருக்கு அவ்வுரிமை கிட்டவேண்டுமாயின், சேர்க்கைப் படிவமும் ஒப்புதல் படிவமும் நல்ல தமிழில் அமைதல் வேண்டும். மருத்துவர்க்கும் நோயாளிக்கும் இடையே பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் நிற்றல் வேண்டும். நிறுவனத்தின் பெயரை மாற்றுவது எளிது. அதனுள் இருப்பவரின் சொல்லைக் கேட்பது அரிது. அவ்வரிய பணி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது.