முதலாளியும் நானே, தொழிலாளியும் நானே

லண்டன்ல ஐடி கான்ட்ராக்டரா இருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தன் போன மாசம் போன் பண்ணான். எட்டு வருஷமா சொந்தமா ஒரு லிமிடெட் கம்பெனி வச்சிருக்கான். டைரக்டரும் அவன்தான், ஒரே ஊழியனும் அவன்தான். அங்க பல பேர் பண்ற மாதிரி, சம்பளம்னு வருஷத்துக்குச் சுமார் 12,500 பவுண்ட் மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை டிவிடெண்டா எடுத்திருக்கான். பென்ஷனுக்குப் போட்டது? பூஜ்யம். "டிவிடெண்டை வருமானமா கணக்குல எடுக்க மாட்டாங்களாம்டா, அதனால சம்பள அளவுக்குத்தான் போட முடியும்னு விட்டுட்டேன்"னான்.

பாதி சரி. அவன் கையிலிருந்து போட்டா, வரிச்சலுகை சம்பள அளவோட நின்னுடும். ஆனா அவனோட கம்பெனி போட்டா அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதே ஆள், அதே பணம், வேற சட்டைப்பை. ஏன் இப்படின்னு தேடப் போனப்ப, நூறு வருஷத்துக்கு மேல ஓடுன ஒரு வழக்காடல்ல போய் விழுந்தேன். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல் ஆள் ஆரன் சாலமன். கிழக்கு லண்டன்ல ஷூ, பூட்ஸ் செய்யறவர். 1892ல தன் தொழிலை லிமிடெட் கம்பெனியா மாத்தினார். பங்குதாரர் ஏழு பேர் வேணும்ங்கறது அன்னைய சட்டம். அதனால மனைவி, மகள், நாலு மகன்கள், ஆளுக்கு ஒரு பங்கு. சாலமனுக்கு 20,001 பங்கு! கம்பெனி சீக்கிரமே நொடிச்சுப்போச்சு. "கம்பெனின்னு ஒண்ணு கிடையாது, எல்லாமே சாலமன்தான்"னு கடன்காரங்க தரப்பு கோர்ட்டுக்குப் போச்சு. 1896ல பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு: கம்பெனி வேற ஆள், சாலமன் வேற ஆள்.

சரி, வேற ஆள்னா, அந்த ஆள்கிட்ட நானே வேலைக்குச் சேர முடியுமா? இதுக்குப் பதில் நியூசிலாந்துலேர்ந்து வந்தது. ஜெஃப்ரி லீ அப்படிங்கறவர் விமானத்துலேர்ந்து வயலுக்கு உரம் தூவற கம்பெனி நடத்துனார். 3,000 பங்குல 2,999 அவரோடது. தலைமை பைலட்டா தன்னைத்தானே நியமிச்சுக்கிட்டார். 1956ல வேலை நேரத்துலயே விமானம் விழுந்து இறந்துட்டார். அவர் மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டாங்க. தனக்குத்தானே ஆர்டர் போட்டுக்கறவர் எப்படித் தொழிலாளி ஆவார்னு அங்க இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிடுச்சு. வழக்கு லண்டன்ல பிரிவி கவுன்சிலுக்குப் போச்சு. ஒரே மனுஷன் ரெண்டு வேஷத்துலயும் இருக்கலாம், கம்பெனிதான் அவரை வேலைக்கு வச்சதுன்னு 1960ல சொன்னாங்க. அந்த அம்மா ஜெயிச்சாங்க.

அப்போ பிரச்சனை தீர்ந்துச்சுன்னுதானே நினைப்பீங்க? பிரிட்டிஷ் வரிச்சட்டம் மட்டும் அசையல. அங்க கம்பெனி பென்ஷன் நிதிக்கு வரிச்சலுகை 1921லயே வந்தாச்சு. ஆனா கம்பெனியைக் கையில வச்சிருக்கற டைரக்டருக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. அவங்களுக்கு 1956ல கிடைச்சது ஒரு பக்கத்து வாசல். சுயதொழில் செய்யறவங்களோட சேர்த்து, இன்ஷூரன்ஸ் கம்பெனில ஓய்வூதியப் பாலிசி வாங்கிக்கலாம். வருமானத்துல 10 சதவீதம், அதிகபட்சம் வருஷத்துக்கு 750 பவுண்ட். அதாவது அவரோட குமாஸ்தாவுக்குக் கம்பெனி பென்ஷன் உண்டு, அவருக்குக் கிடையாது.

வரித்துறையோட பயத்தை நான் முழுசா குறை சொல்ல மாட்டேன். தனக்குத்தானே எவ்வளவு பென்ஷன் கொடுத்துக்கலாம்னு தானே முடிவு பண்ற ஆளை யார்தான் சந்தேகப்பட மாட்டாங்க? 1973 நிதிச்சட்டம் ஒருவழியா கதவைத் திறந்தப்பவும் அந்தச் சந்தேகம் போகல. பென்ஷன் கடைசிச் சம்பளத்துல மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் இருக்கலாம். ஆனா டைரக்டருக்கு மூணு வருஷச் சராசரி எடுக்கணும். இல்லேன்னா கடைசி வருஷம் மட்டும் சம்பளத்தை எகிற விட்டுடுவாரே!

அடுத்து வந்தது ஸ்மால் செல்ஃப் அட்மினிஸ்டர்ட் ஸ்கீம். சுருக்கமா சாஸ். தக்காளி சாஸ் இல்லைங்க. சின்ன கம்பெனியோட டைரக்டர்களே டிரஸ்டியா உட்கார்ந்து தங்களோட பென்ஷன் நிதியைத் தாங்களே நடத்தறது. நிதில பாதி வரைக்கும் சொந்தக் கம்பெனிக்கே கடன் கொடுக்கலாம். பேங்க் கைவிரிக்கற நேரத்துல அது பெரிய வரம். ஆனா கம்பெனி முழுகுனா முதுமைக்கு வச்ச பணமும் கூடவே முழுகும்.

இதுக்கு 1979ல வரித்துறை ஒரு குறிப்பாணைல விதி வகுத்துச்சு. வெளியாள் ஒருத்தர் கட்டாயம் டிரஸ்டியா இருக்கணும். பேரு பென்ஷனியர் டிரஸ்டி. காரணம் 1841ஆம் வருஷத்து தீர்ப்பு ஒண்ணு: ஒரு டிரஸ்ட்டோட பயனாளிகள் எல்லாரும் ஒத்துக்கிட்டா, அதைக் கலைச்சு சொத்தைப் பிரிச்சுக்கலாம். டிரஸ்டியும் நானே, பயனாளியும் நானேன்னா எனக்கு ஒத்துக்க எவ்வளவு நேரமாகும்? அந்த வெளியாள் இருந்ததே அதைத் தடுக்கத்தான்.

2006 ஏப்ரல்ல பழைய விதிகளை மொத்தமா மாத்துனப்ப அந்தக் காவல்காரரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என்னைக் கேட்டா அது தப்பு. மோசடிக்காரங்க உள்ள வந்தாங்க. வியாபாரமே இல்லாத கம்பெனி பேர்ல ஒரு ஸ்கீம் ஆரம்பிச்சு, ஆட்களோட பென்ஷனை அதுக்கு மாத்த வச்சு சுருட்டுனாங்க. அப்படிப்பட்ட தூங்குற கம்பெனிகளோட ஸ்கீமை ரத்து செய்யற அதிகாரம் வரித்துறைக்கு வந்தது 2018லதான்.

இப்போ ஃப்ரெண்டு கதைக்கு வருவோம். வருஷ உச்சவரம்பு 2023லேர்ந்து 60,000 பவுண்ட். தொழிலுக்காகத்தான் கொடுத்ததுன்னு காட்ட முடிஞ்சா, கம்பெனி போடற பணம் செலவாகக் கழியும். தேசிய காப்பீட்டுத் தொகையும் பிடிக்க மாட்டாங்க. பழைய வேலைல சேர்ந்த பென்ஷன் கணக்கு ஒண்ணு இன்னும் உயிரோட இருக்கறதால, போன மூணு வருஷத்துல பயன்படுத்தாத வரம்பையும் சேர்த்துக்கலாம். அதுக்கு முன்னாடி நாலு வருஷம் போனது போனதுதான். "நாலு வருஷமாடா?"ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

மறுநாள் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கிச்சன் டேபிள் மேல ஒரே ஒரு பக்கத் தீர்மானம்: ஊழியருக்காகக் கம்பெனி பென்ஷன் தொகை செலுத்துவதென டைரக்டர் முடிவு செய்கிறார். கீழ அவன் கையெழுத்து.