கரிராமன் போன வழி

ஏற்காடு என்ற பெயருக்குள்ளேயே ஏரியும் காடும் இருக்கின்றன. ஆயினும் அம்மலையின் கதைகளைத் தேடிச் செல்பவர் ஏரிக்கரையோடு நின்றுவிடலாகாது. நார்வே நாட்டுக் கதைகளில் ஏரிக்குள் 'நொக்கன்' என்னும் நீர்ப்பூதம் பதுங்கியிருக்கும். இங்கே கதை குடியிருப்பது மலையுச்சியின் தாழ்ந்த குகையொன்றில். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே அருகருகே உறைகிறார்கள். குகைவழி காவிரிவரை செல்கிறது என்பது மக்கள் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் அங்கே திரளும். அந்தச் சேர்வராயனே ஆங்கிலேயர் வாயில் 'ஷெவராய்' ஆனான்.

இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள். பெயர் கேரளத்தை நினைவூட்டினாலும் பேசுவது தமிழே. அவர்களுடைய பூர்வகதை சுவையானது. காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் கரிராமன் என்னும் தெய்வம் வேறிடம் தேடிப் புறப்பட்டதாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் குடும்பத்தோடு அத்தெய்வத்தைப் பின்தொடர்ந்தனர். சேலம் சீமையில் வழிகள் பிரிந்தன. பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் மஞ்சவாடிக்கும் போனார்கள்.

1820களில் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காப்பி வேரூன்றியது. தோட்டங்கள் பெருகின. மலைமக்களைப் பற்றிய குறிப்புகள் அரசுக்குத் தேவைப்பட்டன. 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டில் இக்கதை இடம்பெற்றது. 1909இல் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலுக்கு அங்கிருந்து சென்றது. இரண்டும் ஆங்கிலம். கதை சில வரிகளாகச் சுருங்கியது. சொன்னவர் யார், எந்தச் சொற்களில் சொன்னார் என்பது அவ்வரிகளில் இல்லை.

நார்வேயில் வேறொன்று நிகழ்ந்தது. 1814இல் டென்மார்க்கிடமிருந்து பிரிந்த பின்னும் அந்நாட்டின் எழுத்துமொழி டேனிஷாகவே இருந்தது. ஆஸ்பியோர்ன்சனும் மூவும் 1841 முதல் நாட்டுப்புறக் கதைகளை வெளியிட்டபோது, குடியானவரின் சொற்களையும் பேச்சின் ஓட்டத்தையும் ஏட்டில் ஏற்றினார்கள். நார்வேயின் எழுத்துமொழி உருவாக அக்கதைகள் துணைநின்றன.

சேகரித்தவரின் நோக்கமே கதையின் விதியைத் தீர்மானிக்கிறது. சேலத்து அதிகாரிக்குக் கரிராமன் கதை ஒரு குலத்தின் பூர்வீகத்துக்கான சான்று. காஞ்சியிலிருந்து வந்தார்களா என்பதே அவருடைய கேள்வி. கதையோ வேறொன்றைச் சொல்கிறது. ஊரைவிட்டு முதலில் போனது தெய்வம். மனிதர்கள் அதன் பின்னால் போனார்கள். மலையேறியவர்கள் அகதிகளாக அல்ல, அடியார்களாகவே தம்மை நினைத்துக்கொண்டார்கள். பூர்வீகத்தைத் தேடிய கண்ணுக்கு அந்தப் பெருமிதம் தட்டுப்படவில்லை. அது இருப்பது சொல்பவரின் குரலில். அக்குரலை அவருடைய தமிழிலேயே எழுதிக்கொள்வதுதான் அம்மலைக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.