குர்தேவ் குஷ்: எல்லை கடந்த விதையும் அதன் கடனும்

பன்னாட்டுப் பணியாற்றிய வேளாண் அறிவியலாளர்களின் வரலாறுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன: சிற்றூர்ப் பிறப்பு, வெளிநாட்டுப் பட்டம், பசி தீர்த்த ரகம், விருதுகள். குர்தேவ் சிங் குஷ்ஷின் வாழ்க்கையையும் அப்படியே சொல்லிவிடலாம். 1935இல் பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்தில் பிறந்தார், லூதியானாவில் பயின்றார், 1960இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவரானார், அங்கேயே தக்காளியின் குரோமோசோம்களை ஆராய்ந்தார், 1967இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து 30 ஆண்டுகளுக்கு மேல் அங்கு உழைத்தார். 1996இல் ஹென்றி பீச்செலுடன் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவையெல்லாம் உண்மை; ஆனால் அந்தப் பணி எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை இவை சொல்வதில்லை. விதைகள் பெருந்தடையின்றி நாடுவிட்டு நாடு போன ஒரு குறுகிய காலமே அதைச் சாத்தியமாக்கியது என்பது என் வாதம்.

குஷ் சேர்ந்தபோது அந்நிலையத்தின் ஐ.ஆர். 8 நெல் ரகம் வெளியாகி ஓராண்டுகூட ஆகவில்லை. குட்டையான அந்தப் பயிர் உரத்தை ஏற்றுக்கொண்டும் சாயாமல் நின்றது. அதன் சோறு பலருக்குப் பிடிக்கவில்லை, வயதும் 130 நாள் என்பதோடு, பூச்சிக்கும் நோய்க்கும் எளிதில் இரையானது. ஆண்டு முழுதும் வயல் பச்சையாக இருக்கத் தொடங்கியதும் புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் பெருகின. துங்ரோ, இலைக்கருகல் நோய்களும் பின்தொடர்ந்தன. ஆகவே விளைச்சலைக் கூட்டுவதைவிட, கூடிய விளைச்சலைக் காப்பதே குஷ்ஷுக்கு வாய்த்த வேலை. புகழ் குறைந்த வேலை. என் மதிப்பீட்டில், அதிகக் கடினமான வேலையும் அதுவே.

புகையான் பரப்பும் புல் குட்டை நோயை எடுத்துக்கொள்வோம். அதைத் தாங்கும் நெல்லைத் தேடி 6,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் சோதிக்கப்பட்டன. தேறியது ஒரே ஒரு மாதிரி: உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ‘ஒரைசா நிவாரா’ என்னும் காட்டு நெல். முற்றியதும் மணியை உதிர்த்துவிடும், வயலுக்கு உதவாத செடி அது. அதன் எதிர்ப்பாற்றலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழிக்க வேண்டும். பூ விரியும் முன்னே உமியின் நுனியை வெட்டி, உள்ளிருக்கும் 6 மகரந்தப் பைகளையும் அகற்றி, கதிரை உறையிட்டு மூடி, பின்னர் வேற்றுச் செடியின் மகரந்தத்தைத் தூவுவார்கள். அப்படி விளைந்த நாற்றுகள்மேல் நோய் சுமந்த புகையானை விட்டு, பிழைத்தவற்றை மீண்டும் ஐ.ஆர். 24 என்னும் குட்டை ரகத்துடன் கலப்பார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடந்தது.

அந்த வழியில் வந்ததே 1976இல் வெளியான ஐ.ஆர். 36. ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வந்த இந்த ரகம் 1980களில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிரானது. அதன் கால்வழியில் 6 நாடுகளைச் சேர்ந்த 13 ரகங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6, அதுவோ ஜி.இ.பி. 24ஐயும் கோ 18ஐயும் கலந்து பெற்றது. இன்னொரு கிளை கட்டாக்கில் உருவான சி.ஆர். 94-13. புகையானையும் ஆனைக்கொம்பனையும் தாங்கும் பண்பு அதன்வழி வந்தது. அதற்குப் பின்னால் பட்டாம்பி நிலையத்தின் ரகங்கள் நிற்கின்றன. அந்த நிலையங்களுக்குப் பின்னால் நிற்கும் உழவர்களின் பெயர்கள் எந்தக் கால்வழிப் பட்டியலிலும் இல்லை. குஷ்ஷின் கைத்திறனை இது குறைத்துவிடாது. பொறுக்கிச் சேர்ப்பதில் அவருக்கு இணையானவர்கள் சிலரே. ஆனால் பொறுக்குவதற்குக் களஞ்சியம் திறந்திருந்தது.

1970களின் நடுவில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் ரகங்களுக்குத் தானே பெயரிட்டு வெளியிடுவதை நிறுத்தி, அந்த உரிமையை நாடுகளிடமே விட்டது. அங்கிருந்து போன கால்வழிகள் பல நாடுகளில் உள்ளூர்ப் பெயர்களோடு வயலுக்கு வந்தன. அந்தப் பெயர்களில் எதிலும் குஷ் இல்லை. பன்னாட்டுப் பணி என்பதற்கு நான் காணும் சான்று விருதுகளில் இல்லை, இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

எதிர்வாதம் வலுவானது; அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரே ரகம் இவ்வளவு பரப்பில் பரவினால் நாட்டு ரகங்கள் வயலைவிட்டுப் போகும். எதிர்ப்பாற்றலும் நிலைப்பதில்லை: 1973இல் வந்த ஐ.ஆர். 26ஐப் புகையான் சில ஆண்டுகளிலேயே வென்றது. மருந்தடிப்பு இயற்கை எதிரிகளைக் கொன்று புகையானைப் பெருக்கியதால், இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்ய நேர்ந்தது. ஆக, மரபணு மட்டும் வயலைக் காத்ததாகச் சொல்வது மிகை. சிலந்தியும் பொறிவண்டும் அந்தக் கணக்கில் வரவேண்டும்.

களஞ்சியம் திறந்திருந்த காலமும் அப்படியே நீடிக்கவில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் பன்மய உடன்படிக்கை, உயிர்வளத்தின்மீது அந்தந்த நாட்டின் இறையாண்மையை உறுதிசெய்தது. நியாயமான திருத்தம், விதைப் பரிமாற்றத்தை மெதுவாக்கிய திருத்தமும்கூட. பயிர் மரபு வளங்களுக்கென 2001இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு ஒப்பந்தம் நெல் உள்ளிட்ட பயிர்களுக்குப் பொது வழியொன்றைத் திறந்து, பயன் பகிர்வுக்கும் விதி வகுத்தது. அதன்படி, பொது வழியில் பெற்ற விதையிலிருந்து உருவாக்கிய ரகத்தை மேற்கொண்டு ஆய்வுக்கும் இனவிருத்திக்கும் தராமல் அடைப்பவரே கட்டாயமாகப் பணம் செலுத்த வேண்டும். எவரும் எடுத்துக் கலக்கலாம் என்று விடப்பட்ட ஐ.ஆர். 36 இன்று வெளியாகியிருந்தால், இந்த விதியின்கீழ் நிவாரா வந்த மண்ணுக்கு ஒரு காசும் கட்டாயமாகப் போகாது. கடனைப் பணமாக மட்டும் எண்ணும் எந்த விதியும் குஷ் செய்த வகைப் பணியில் இப்படித்தான் தடுமாறும்; உத்தரப் பிரதேச உழவருக்கு அங்கே திரும்பிச் சேர்ந்தது விதைதான்.