கப்பல் தந்த கிண்ணமும் தோட்டத்துத் திடல்களும்

வடக்குச் சிலாங்கூர்: மண்ணும் மக்களும் – தொடர் 14

1921 ஆகஸ்ட் 20. கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப்பின் திடல். இன்று டத்தாரான் மெர்டேக்கா என்று நாம் அழைக்கும் அதே புல்வெளிதான். ஏறத்தாழ 5,000 பேர் சுற்றி நின்று பார்க்க, சிலாங்கூர் அணி பினாங்கை 5-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. மலாயாக் கிண்ணத்தின் முதல் ஆட்டம் அது. அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்ற சிலாங்கூர், மறு ஆண்டே கிண்ணத்தை வென்றது. 1967-இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய அந்தக் கிண்ணத்தை இதுவரை 33 முறை வென்றிருக்கிறது. வேறெந்த அணியும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டங்களின் கதையைச் சொல்லிவரும் இத்தொடரில் தலைநகரத்துக் காற்பந்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தக் கிண்ணம் பிறந்த கதையில் நம் தோட்டங்களுக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் சிலாங்கூர்க் காற்பந்தின் வரலாற்றைச் சொன்னால் அது அரைக் கதைதான்.

போர்க்கப்பலின் பரிசு

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896-இல் கூட்டு மலாய் மாநிலங்களாக இணைக்கப்பட்டன. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலைப் பரிசாகக் கட்டித் தருவது என்று 1912-இல் அந்தக் கூட்டரசு முடிவெடுத்தது. ஏறக்குறைய 29 லட்சம் பவுன் செலவில் உருவான கப்பலுக்கு எச்.எம்.எஸ். மலாயா என்று பெயர் வைத்தார்கள். 1916-இல் ஜட்லண்ட் கடற்போரில் அடிபட்டும் தப்பிய கப்பல் அது. போர் முடிந்து, 1921 ஜனவரியில், தனக்குப் பணம் கொடுத்த நாட்டைப் பார்க்க வந்தது. துறைமுகம் துறைமுகமாக நின்ற நாள்களில் மாலுமிகள் உள்ளூர்க்காரர்களோடு காற்பந்தும் ரக்பியும் ஹாக்கியும் ஆடினார்கள். வரவேற்பில் மனம் நிறைந்து, காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என இரண்டு கிண்ணங்களைத் தந்தார்கள்.

அந்த 29 லட்சம் பவுன் எங்கிருந்து வந்தது? வெள்ளீயத்தின் ஏற்றுமதி வரி, அபின் வருமானம், ரயில்வே, இவற்றோடு வேகமாக வளர்ந்துவந்த ரப்பர். இவைதாம் கூட்டு மாநிலங்களின் கஜானாவை நிரப்பின. 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போனது. அந்த விலைதான் சிலாங்கூர் ஆற்றங்கரைக் காடுகளைத் தோட்டங்களாக்கியது. பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபோக்கோனியே கோல சிலாங்கூர் மாவட்டத்தின் ரந்தாவ் பஞ்சாங்கில் ரப்பர் நட்டதும் அக்காலத்தில்தான். 1907-இல் குடியேற்ற நிதி ஏற்பட்டபின், கங்காணிகளின் பின்னால் ஊர் ஊராக நம் மக்கள் கப்பலேறினார்கள்.

ஈயத்தைத் தோண்டியவர்கள் சீனர்கள். மரம் சீவியவர்களும் தண்டவாளம் போட்டவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களது உழைப்புதான் வரியாகி, கப்பலாகி, கடைசியில் கிண்ணமாகத் திரும்பி வந்தது. கப்பலைப் பரிசளித்தவர்கள் பட்டியலில் சுல்தான்களும் ஆங்கில அதிகாரிகளும் இருக்கிறார்கள். மரம் சீவியவர்களை யாரும் அதில் சேர்க்கவில்லை.

பால் நிறுத்த பிறகு

தோட்டத்தில் காற்பந்து வேரூன்றியதற்குத் தொழிலே ஒரு காரணம். ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது வெயில் ஏறுவதற்கு முன்புதான். அதனால் விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் நெற்றி விளக்கோடு நிரைக்குள் போவார்கள். முற்பகலில் கோப்பைகளிலிருந்து பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமப்பார்கள். கிராணி நிறுத்து எழுதி முடித்ததும் அன்றைய வேலை தீர்ந்தது. பட்டணத்துத் தொழிலாளி இன்னும் பட்டறையில் நிற்கும் நேரத்தில், தோட்டத்து இளைஞனுக்கு ஒரு முழு மாலைப்பொழுது கையில் இருந்தது.

திடல் பெரும்பாலும் லயங்களுக்கும் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவில் இருக்கும். நான்கு மணிக்கு மேல் அங்கே கூட்டம் சேரும். முழங்கையில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துக்கொண்டே ஆட்டக்காரர்கள் வருவார்கள். காலணி இருந்தவர்கள் சிலர், வெறுங்காலோடு ஆடியவர்கள் பலர். மழை பெய்து திடல் சேறானாலும் ஆட்டம் நிற்காது. சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பந்து வாங்குவார்கள், சட்டை தைப்பார்கள். அடுத்த தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லாரியில் ஏறிப் போவார்கள். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் கிண்ணம் வைத்து ஆடுவார்கள். அந்த நாளில் பெண்களும் குழந்தைகளும் கோட்டோரம் நின்று கூச்சல் போடுவார்கள்.

அந்தத் திடலின் மதிப்பு தெரியவேண்டுமானால் 1941-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதில் முன்நின்றார். அவர்களது கோரிக்கைகளில் ஒன்று: வெள்ளைக்காரரையோ கிராணிமாரையோ வழியில் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். சைக்கிளில்கூடத் தலை நிமிர்ந்து போகமுடியாத ஒரு காலத்தில், அதே மனிதன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எவருக்கும் வழிவிடாமல் ஓடிய இடம் அந்தத் திடல். நம் மூத்தவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்வது இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டணத்துக்குப் போகும் வழி

1936 பிப்ரவரி 22-இல் சிலாங்கூர்க் காற்பந்துச் சங்கம் முறைப்படி அமைந்தது. இன்றைய சிலாங்கூர் எஃப்.சி.யின் பிறந்தநாளும் அதுதான். 1957-இல் மெர்டேக்கா அரங்கம் திறந்தபின் சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டையின் புகழ் எல்லை தாண்டியது. 1967-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய வெற்றியாளர் கழகப் போட்டியின் இறுதியாட்டம்வரை சென்று, ஹப்போயல் டெல் அவிவ் அணியிடம் 1-2 என்று தோற்றது. ஆசியாவின் உச்சிக்கு ஒரு படி கீழே நின்ற அணி அது.

அந்த அணிக்குள் நுழையும் வழி பட்டணத்துப் பள்ளிகள், பட்டணத்துக் கிளப்புகள் ஊடாகப் போனது. சிலாங்கூரின் மாபெரும் ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி விக்டோரியா கல்விக்கழகத்தில் படித்தவர். நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோ ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க ஊருக்குப் பஸ் ஏறவேண்டும். பலருக்கு அது வாய்க்கவில்லை. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவர்களின் கண்ணில் தோட்டத்துப் பையன் படுவது அபூர்வம். திறமை இருந்தது, அதைப் பார்க்க ஆள் இல்லை.

இந்த இடைவெளியையும் மீறித் துறைமுகத்திலிருந்தும் செந்தூல், செத்தாபாக் வட்டாரங்களிலிருந்தும் நம்மவர் மேலே வந்தார்கள். தற்காப்பில் நின்ற எம். சந்திரன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஆடினார். கிள்ளான் துறைமுகத்து ஆர். ஆறுமுகத்தை அவரது நீண்ட கைகளுக்காக ரசிகர்கள் "ஸ்பைடர்மேன்" என்றே அழைத்தார்கள். 1970-களில் சிலாங்கூர் அடுத்தடுத்துக் கிண்ணம் வென்றபோது கோலைக் காத்தவர் அவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோதும் கோலில் நின்றவர் அவர்தான். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர் மாஸ்கோவைப் பார்க்கவில்லை. 1988 டிசம்பரில், 35 வயதில், சாலை விபத்தில் மறைந்தார். செத்தாபாக்கில் பிறந்து சிலாங்கூருக்கு ஆடிய கே. ராஜகோபால் பிறகு தேசியப் பயிற்றுநராகி, 2009-இல் சீ விளையாட்டுத் தங்கத்தையும் 2010-இல் சுசுகிக் கிண்ணத்தையும் மலேசியாவுக்கு வென்று தந்தார்.

இவர்கள் ஆடிய நாள்களில் தோட்டத்து லயங்களில் வானொலியைச் சுற்றிக் கூட்டம் கூடும். நம்மில் ஒருவர் ஆடுகிறார் என்ற பெருமை பத்தாங் பெர்ஜுந்தையிலும் சபாக் பெர்ணத்திலும் வீடு வீடாக இருந்தது.

செம்பனையும் வெறிச்சோடிய திடலும்

மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம்தான் இருக்கிறது. ஃபோக்கோனியே 1917-இல் அங்கே நட்டார். அரை நூற்றாண்டு கழித்து, ரப்பர் விலை சரியச் சரிய, வடக்குச் சிலாங்கூர் எங்கும் பால் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவை. வேலை குறைந்ததும் பிள்ளைகள் ஷா ஆலம், கிள்ளான் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பின்னால் தோட்டங்களே கைமாறின. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட நேர்ந்ததை இந்நாட்டுத் தமிழர் அறிவர். வீட்டுக்கே அந்தப் பாடு என்றால் திடலைக் கேட்க யார் இருந்தார்கள்? பதினொரு பேர் சேராத தோட்டத்தில் அணி கலைந்தது. புல் முளைத்துக் கோல் கம்பம் சாய்ந்தது.

திடலிலிருந்து மேலே போகும் வழி அடைபட்டதன் விளைவை இன்று பார்க்கிறோம். மாநில அணியிலும் தேசிய அணியிலும் நம் பெயர்கள் அருகிவிட்டன. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்த அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் சூப்பர் லீக்கில் ஆடியது. நம் இளைஞர்களுக்கு அது ஒரு பெரிய வாசல். 2022 பருவத்தோடு அந்த அணியும் லீக்கைவிட்டு விலகியது. திறமை குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மாலைதோறும் ஆட ஒரு திடல், அதைப் பார்க்க ஒரு கண், மேலே அழைத்துப் போக ஒரு வழி: மூன்றும் இருந்தால்தான் ஆட்டக்காரர் உருவாவார். முதலாவதைத் தோட்டம் தந்தது. மற்ற இரண்டும் நமக்கு அன்றும் சரியாகக் கிடைக்கவில்லை. இன்று முதலாவதும் போய்விட்டது.

சிலாங்கூரின் 33 வெற்றிகளும் ஆண்டு வாரியாகப் பதிவாகியிருக்கின்றன. தோட்டத்து அணிகளின் வெற்றிகளுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. அவற்றில் சிலவற்றைத் தாங்கிய தமிழ் நேசன் நாளிதழும் 2019-இல் நின்றுபோனது. எஞ்சியிருப்பவை வீடுகளில் மாட்டியிருக்கும் அணிப் படங்களும், பரணில் கிடக்கும் கேடயங்களும், எழுபது வயதைத் தாண்டியவர்களின் நினைவும்தான்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ சட்டை போட்டு நிற்கும் அணிப் படம் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அவரையோ அவரோடு ஆடியவரையோ உட்கார வைத்துக் கேளுங்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, நிற்பவர் ஒவ்வொருவரின் பெயர், எந்த இடத்தில் ஆடினார், யாரை வென்றார்கள் என்று படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். நம் முன்னோர் பட்ட துன்பத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்பதையும் எழுதிவைப்பது நம் கடமை.

(அடுத்த வாரம்: தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள்)